செவ்வாய் இல்லாத சூரியன்

எங்கள் ஊரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் ஜாதகம் கிடையாது. மூடநம்பிக்கை ஒழிந்துவிட்டது என்று யாரும் அவசரப்பட்டுக் கை தட்ட வேண்டாம். எழுதுவதற்குக் கிரகம் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் சூரியன் பச்சைப்பிள்ளை. ஒரு பெரிய வாயு மேகம் தன் பாரம் தாங்காமல் உள்ளே சரிந்து, சூடேறி, நடுவில் பற்றிக்கொண்டு அதிக காலம் ஆகவில்லை. வானத்துக் கணக்கில் தொப்புள்கொடிகூட இன்னும் விழவில்லை. மேகத்தில் மிஞ்சியதெல்லாம் சூரியனைச் சுற்றி அகலமான ஒரு தட்டாகப் பரந்து சுழல்கிறது. தட்டு என்றால் வாயுவும் தூசியும். அந்தத் தூசி ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாங்கல்லாகும், பாறையாகும், மலையாகும். மலையும் மலையும் மோதிக்கொண்டு கடைசியில் கிரகமாகும். கட்டிலுக்கு அடியில் பல மாதம் பெருக்காமல் விட்டால் தூசி உருண்டை உருண்டையாகத் திரண்டு கிடக்குமே, அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. வானத்தில் பெருக்குவதற்கு ஆள் இல்லை, அதனால் உருண்டை கொஞ்சம் பெரிதாக வருகிறது.

சும்மா விட்டால் இதற்குக் கோடி ஆண்டுகூட ஆகலாம். மனிதனுக்கு அவ்வளவு பொறுமை ஏது? திரட்டி என்று ஒரு இயந்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். தட்டிலுள்ள வாயுவில் அழுத்த அலைகளை அனுப்பி, தூசியை மெல்லிய வளையங்களாக ஒதுக்கி, நெருக்கி, ஒட்டவைக்கும் இயந்திரம் அது. கோடி ஆண்டு நாற்பது ஆண்டாகச் சுருங்கியது. உருண்ட கிரகத்தை ஆறவைக்கவும் ஏதோ வழி வைத்திருக்கிறார்கள். அது வேறு துறை, நான் அதில் தலையிடுவதில்லை.

என் துறை திரட்டி. பெயர் இசக்கி. எந்த வளையத்தை எப்போது நெருக்குவது என்று முடிவு செய்யும் தலைமைப் பொறியாளர் நான்தான். சுருக்கமாகச் சொன்னால் கிரகம் செய்வது என் வேலை. கிரகம் செய்கிறவளுக்கே கிரகம் சரியில்லாமல் ஆறு வருடமாகக் கல்யாணம் நின்றுகொண்டிருந்தது என்றால் சிரிப்புத்தான் வரும். எனக்கு மட்டும் வரவில்லை.

நாங்கள் இருக்கும் ஊருக்குப் பொருநை என்று பெயர். தட்டுக்கு மேலே, சூரியனிலிருந்து மூன்றாவது வளையத்துக்கு நேராக மிதந்துகொண்டு தன்னைத்தானே சுற்றும் ஒரு பெரிய உருளை, அதற்குள் நாலாயிரம் பேர். எங்கள் பெற்றோர் தலைமுறை பூமியிலிருந்து தூங்கிக்கொண்டே வந்து சேர்ந்தது. ஆளுக்கு நாலு கிலோ சாமான்தான் கப்பலில் ஏற்றலாம் என்று சட்டம். அந்த நாலு கிலோவிலும் எல்லோரும் மறக்காமல் கொண்டுவந்தது மஞ்சள் தடவிய ஜாதகம். வந்து கண் விழித்து, இங்கே பிள்ளை பெற்று, அதற்கு ஜாதகம் கணிக்க உட்கார்ந்தபோதுதான் விபரீதம் புரிந்தது. பன்னிரண்டு கட்டத்தில் சூரியன் ஒன்று இருந்தது. மற்ற பதினொன்றும் காலி. சந்திரன் இல்லாததால் பிள்ளைக்கு நட்சத்திரமும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கு எட்டிய வரை நட்சத்திரம்தான், ஆனால் அர்ச்சனைக்குச் சொல்ல ஒன்று கிடையாது.

பழைய சூரியனின் கிரகங்களை வைத்தே கணித்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். எங்கள் ஊரின் ஒரே ஜோசியரான குற்றாலலிங்கம் கண்டிப்பாக மறுத்துவிட்டார். "அது வேற ஸ்டேஷன் லிமிட்" என்றார்.

ஜாதகம் இல்லாமல் போனதில் எங்கள் மக்களுக்கு உண்டான கஷ்டம் என்ன என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். பொருத்தம் பார்க்க முடியவில்லை என்பது சின்னக் கஷ்டம். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை என்பதுதான் பெரியது. பெண் கேட்டோ மாப்பிள்ளை கேட்டோ வந்தவர்களைப் பிடிக்காவிட்டால் எங்கள் வழக்கத்தில் பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டார்கள். "ஜாதகம் பொருந்தலை" என்பார்கள். கேட்டவரும் தலையாட்டிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போவார். யார் மேலும் குற்றமில்லை, எல்லாம் மேலே இருப்பவன் பார்த்துக்கொண்டான். இப்போது மேலே எவனும் இல்லை. ஆகவே ஒரு புது வாசகத்தைக் கண்டுபிடித்தார்கள். "கிரகம் உருவாகட்டும், பாக்கலாம்."

எனக்கும் அதையேதான் சொன்னார்கள். நான் விரும்பியது மாசிலாமணியை. நீர்ப் பிரிவில் சுத்திகரிப்பு மேற்பார்வையாளன். கழிவு நீரைக் குடிநீராக்கும் வேலை, அதனால் எதையும் பொறுத்துக்கொள்ளும் குணம். அவனிடம் ஒரே ஒரு குறைதான் உண்டு. எதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டான். வேண்டும் என்றும் சொல்ல மாட்டான். கேட்டால், "அம்மாதான் ஜாதகம் இல்லாம எப்படின்னு யோசிக்காங்க இசக்கி" என்பான். அவன் அம்மா உலகம்மாள். பொருநைக் குடியேறிகள் சங்கத்தின் தலைவி. ஊரே அவரை அத்தை என்று கூப்பிடும். நான் ஒரு முறை அப்படிக் கூப்பிட்டபோது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறகு அம்மா என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த உலகம்மாள் ஒருநாள் திரட்டி அறைக்கே வந்து என் எதிரில் உட்கார்ந்தார். முதல் மூன்று வளையங்களை நாங்கள் ஏற்கெனவே நெருக்கத் தொடங்கியிருந்தோம். மூன்றாவதுதான் எங்கள் பேரப்பிள்ளைகள் குடியேறப் போகும் நிலம். அடுத்த மாதம் நாலாவது வளையம்.

"ஏட்டி இசக்கி, அந்த நாலாவது இருக்கு பாத்தியா, அதை ஒண்ணும் பண்ணாண்டாம். அப்படியே விட்டுரு."

"எதுக்கும்மா?"

"அதுதான் ஏட்டி செவ்வா."

"அதுக்கு இன்னும் பேரே வைக்கலியே."

"சூரியன்லேந்து நாலாவது செவ்வா. எந்த ஊருக்குப் போனா என்ன, நாலாவது நாலாவதுதான்." அவர் குரல் இறங்கியது. "என் தங்கச்சி கோமுவுக்கு ஏழுல செவ்வா. வந்து பாத்தவன்லாம் கேசரியைத் தின்னுட்டு, செவ்வா தோஷம்னுட்டு எந்திரிச்சுப் போனான். அடுப்படியிலயே கெடந்து, நான் இங்க வந்து சேருததுக்குள்ள அங்கனயே செத்தா. நான் கப்பல் ஏறக் கெளம்பும்போது வாசல்ல வந்து நிக்கல. நல்ல காரியத்துக்குப் போறப்போ தான் எதுக்க வரக் கூடாதுன்னு அவளாவே உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டா. இந்த ஊர்ல ஒரு பொண்ணும் அப்படிக் கெடக்கக் கூடாது இசக்கி. செவ்வாயே இல்லேன்னா தோஷம் எங்கேருந்து வரும்?"

அழுதார். நிஜமான அழுகை. தங்கையின் வாழ்க்கையைத் தின்ற நம்பிக்கையை விட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை, கிரகத்தை விட்டுவிடலாம் என்று தோன்றியிருக்கிறது. எங்கள் ஆட்களைக் குறை சொல்லக் கூடாது. எண்ணவே முடியாத அத்தனை டன் பாறையைக் கைவிடு என்றால் உடனே கைவிடுவார்கள்.

"அம்மா, நான் சொல்லுததைக் கொஞ்சம் கேளுங்க" என்றேன். "தட்டுல வாயு இருக்குல்லா, அது எதுக்க நின்னு இழுக்கிறதால கூழாங்கல்லுக்கெல்லாம் வேகம் கொறையும். வேகம் கொறஞ்சா சூரியன் பக்கமாச் சறுக்கும். வெளியேருந்து சறுக்கிக்கிட்டே இருக்கும். நாலாவது ஒரு கிரகமா உருண்டு நின்னாத்தான் அது வேலி மாதிரி வழியில தடுக்கும்."

"தடுக்கலேன்னா?"

"அத்தனையும் மூணாவது மேல போய் விழும். நாம இருக்கப்போற இடம்மா அது. விழ விழ அது பெருக்கும். அங்கன நிக்க மனுசனுக்கு மூணு மடங்கு பாரம்."

"அப்படின்னா?"

"நீங்க தேடுத மருமவ தோஷம் இல்லாம வருவா. ஆனா நூத்தம்பது கிலோ இருப்பா. பிள்ளை தவழாது. நெஞ்சு, ரத்தத்தைத் தலைக்கு ஏத்த முடியாம நடுவயசுலயே நின்னுரும்."

"பழகிக்கிடுவாவ" என்றார் உலகம்மாள். "தோஷத்தோட கெடக்கதுக்கு அது எவ்வளவோ தேவல."

அவர் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வந்த காரியத்தைச் சொன்னார். "பொதுக்குழுல தீர்மானம் கொண்டு வாரேன். தலைமைப் பொறியாளர் சரின்னு சொன்னாத்தான் தீர்மானம் செல்லும்னு சட்டத்துல எழுதித் தொலைச்சிருக்கு. நீ சரின்னு சொல்லு. சொன்னா மறுவாரமே ஒனக்கும் மாசிக்கும் முடிச்சு வைக்கேன். ஜாதகமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீ என்னை அத்தைன்னே கூப்பிடலாம்."

"சொல்லலேன்னா?"

"சட்டத்தை மாத்த முடியாது. பொறியாளரை மாத்தலாம்லா."

அவர் போன பிறகு வெகுநேரம் நாலாவது வளையத்தையே திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்லிய சிவப்பாக, யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாமல் சுழன்றுகொண்டிருந்தது. என்னைப் பற்றி உயர்வாக நினைத்துவிட வேண்டாம். நான் உடனே மறுத்துவிடவில்லை. மாசிலாமணியின் மனைவியாக வேண்டும் என்ற ஆசை எனக்கு வெட்கங்கெட்ட அளவுக்கு இருந்தது. இன்னும் பிறக்காத ஒரு பிள்ளை, நான் செத்த பிறகு, எங்கோ தவழ முடியாமல் கிடக்கும் என்பதை அந்த ஆசைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. ஆசை போகவில்லை.

மாசிலாமணியிடம் போய்ச் சொன்னேன். அவன் ஒரு குழாயைத் திருகிக்கொண்டே கேட்டான்.

"அம்மா சொல்லுதபடியே செஞ்சிரேன்."

"மூணு மடங்கு பாரம் மாசி. நம்ம பேரன் பேத்திதான் அங்கன போவாவ."

"அதுக்குள்ள எவனாவது ஒரு மருந்து கண்டுபிடிச்சிருவான்."

"சரி, நான் ஒத்துக்கிட்டா நமக்குக் கல்யாணம். ஒனக்குச் சந்தோஷந்தானே?"

"அம்மா சொன்னாச் சரிதான்" என்றான் அவன். குழாய் ஏற்கெனவே இறுகியிருந்தது. அவன் மேலும் திருகினான்.

பொதுக்குழு கூடியது. எங்கள் ஊரில் கிரகம் உருவாவதைவிடப் பொதுக்குழு தொடங்குவதற்குத்தான் அதிக நேரம் ஆகும். முதலில் கடவுள் வாழ்த்து. அப்புறம் பொன்னாடை. ஊரில் ஒரே ஒரு பொன்னாடைதான் இருக்கிறது, அதனால் ஒருவருக்குப் போர்த்தி, கைதட்டி முடிந்ததும் கழற்றி அடுத்தவருக்குப் போர்த்துவார்கள். எல்லாம் முடிந்து உலகம்மாள் மைக்கைப் பிடித்தார். தங்கையைப் பற்றிச் சொன்னார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நாலாவது வளையத்தைக் கைவிடுவது என்ற தீர்மானம் வாசிக்கப்பட்டபோது கைதட்டல் உருளையின் அந்த முனை வரை எதிரொலித்தது. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாசிலாமணி மூன்றாவது வரிசையில் இருந்தான், என்னைப் பார்க்கவில்லை.

பாரத்தைப் பற்றிப் பேசினேன். கூழாங்கல்லைப் பற்றி, சறுக்கலைப் பற்றி, வேலியைப் பற்றி. முன்வரிசையில் இருவர் தூங்கினார்கள். பின்வரிசையில் ஒருவர், "அம்மா, சரியா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். 'சரி' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் மறுவாரம் கல்யாணம். அந்த நேரம் பார்த்து மேடையோரத்தில் குற்றாலலிங்கம் ஜோசியர் வேலையில்லாமல் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாகக் காலிக் கட்டத்தையே பார்த்துச் சலித்த மனிதர். எனக்கு ஒரு எண்ணம் வந்தது.

"ஜோசியரய்யா, ஒரு சந்தேகம்" என்றேன் மைக்கில். "நான் பிறந்தப்போ செவ்வா எந்த வீட்டுல இருந்தான்?"

"இல்லவே இல்லியேம்மா. பிறக்காதவன் எந்த வீட்டுல இருப்பான்?"

"உருண்டையாத்தான் இல்ல. நாளைக்கு அவனா ஆகப்போற தூசி அத்தனையும் அன்னைக்கே இருந்துச்சுல்லா? ஒரு கல்லுகூட வெளியூர்லேந்து வாங்கிப் போடப்போறதில்ல."

"ம்... ஆமா."

"அந்தத் தூசி எங்க இருந்துச்சு?"

"வளையத்துல."

"வளையம் எங்க இருந்துச்சு? நாம இருக்கது அதுக்கு உள்ளயா, வெளியயா?"

"உள்ள" என்றார் ஜோசியர். கையைத் தூக்கித் தன் தலையைச் சுற்றிக் காற்றில் ஒரு வட்டம் போட்டார். வட்டம் முடிந்த இடத்தில் கை அப்படியே நின்றுவிட்டது. முகத்தில் பல வருடமாக இல்லாத ஒரு களை வந்தது. "ஏ யம்மா! சுத்தில்லா இருக்கான்! பன்னெண்டு வீட்டுலயும் இருக்கான்!"

"பன்னெண்டுலயும் இருந்தா?"

"ரெண்டுல இருக்கான், நாலுல இருக்கான், ஏழுல இருக்கான், எட்டுல இருக்கான், பன்னெண்டுல இருக்கான். தோஷம் உள்ள ஒரு வீட்டையும் விடல. பூரண தோஷம்! இப்படி ஒரு ஜாதகத்தை எங்க அப்பாவே பாத்திருக்க மாட்டாரு!"

"எனக்கு மட்டுமா?"

"இங்கன பொறந்த ஒவ்வொரு உசுருக்கும்!" அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

அரங்கில் அம்மாமார்கள் நெஞ்சில் கை வைத்தார்கள். யாரோ விசும்பினார்கள். நான் விடவில்லை.

"தோஷம் உள்ளவங்க யாரைக் கட்டலாம்யா?"

"தோஷத்துக்குத் தோஷம் கட்டினா ரெண்டும் சமம், ஒரு குத்தமும் இல்ல. இது ஊரறிஞ்சது." பேசிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். தொழில் தெரிந்தவர், கணக்கு தானாக ஓடியது. "அப்ப... இங்கன பொறந்த எல்லாரும் எல்லாரையும் கட்டலாம். பொருத்தமே பாக்கத் தேவையில்ல. போதாக்குறைக்கு அஞ்சாவது வளையம் குரு. அவனும் சுத்தித்தான் இருக்கான். எல்லார் மேலயும் குரு பார்வை. அமோகம்மா, அமோகம்!"

"நாலாவதை உருட்டாம விட்டா, கல்லெல்லாம் உள்ள சறுக்கும். மிச்சத் தூசி எந்தக் காலத்துக்கும் வளையமாவே கெடக்கும்" என்றேன். "அப்ப நம்ம பேரன் பேத்திக்கு?"

"அதுகளுக்கும் எல்லாரும் எல்லாருக்கும் பொருத்தந்தான். காலாகாலத்துக்கும்!"

பின்னால் நின்ற இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். அதற்குப் பிறகுதான் அரங்கில் அமைதி வந்தது. மூன்று மடங்கு பாரம் என்றபோது வராத அமைதி. சங்கத்தின் மூத்த உறுப்பினர் சிதம்பரதாணு எழுந்தார். காது வரை சிவந்திருந்தது.

"அதெப்படிம்மா? அப்ப எவன் வேணும்னாலும் வந்து எங்க வீட்டுப் பொண்ணைக் கேப்பானே. நாங்க என்னன்னு சொல்லி அனுப்ப?"

"பிடிக்கலைன்னு சொல்லுங்கண்ணாச்சி."

"மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்ல முடியும்? ஒரு மனுசத்தனம் வேண்டாமா? இத்தனை காலமும் ஜாதகத்தைச் சொல்லித்தானே கௌரவமா அனுப்பிச்சோம். பூமியில இருக்கும்போது என் அக்கா மவளை ஒரு பய கேட்டு வந்தான். ஜாதகம் அப்படிப் பொருந்திச்சு. நமக்கு ஆவாத வீடு, பொருந்தலைன்னுட்டோம். அவனும் சந்தோஷமாப் போனான்." சுற்றிலும் பார்த்தார். "ஏன், நீங்கள்லாம் சொன்னதே இல்லியாக்கும்?"

"நாங்களும்தான்" என்றார் ஒருவர். "எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்றார் இன்னொருவர். "பொண்ணு கறுப்பா இருந்தா, கறுப்புன்னா சொல்ல முடியும்?" என்று ஒரு பெண் குரல் நியாயம் கேட்டது. சிரிப்பு பரவியது. ஒரே குடும்பமாக, கூச்சம் விட்டு, எல்லோரும் சிரித்தார்கள். நான் உலகம்மாளைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கை இரண்டும் மடியில் கிடந்தன.

மேற்கொண்டு விவாதம் நடக்கவில்லை. நாலாவது வளையத்தைக் கைவிடும் தீர்மானம் கைவிடப்பட்டது. நாலாவது கிரகத்தைத் தாமதமின்றி உருவாக்கி, ஒரே உருண்டையாக, ஒரே வீட்டில் இருக்கச் செய்ய வேண்டும் என்று சிதம்பரதாணு முன்மொழிந்தார். ஒருமனதாக நிறைவேறியது. வருங்கால மனிதகுலம் இப்படியாகக் காப்பாற்றப்பட்டது. பொன்னாடை எனக்கும் ஒரு முறை போர்த்திக் கழற்றப்பட்டது.

கிரகத்தைக் காப்பாற்றிவிட்டேன், சந்தோஷந்தான். அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்றை யாருக்கும் சொல்லாமல் உள்ளே வைத்திருந்தேன். நாலாவது உருண்டையாக நாற்பது வருடம் ஆகும். அதுவரை ஊரின் ஒரே ஜோசியர் வாயாலேயே, மைக்கில், நானும் மாசிலாமணியும் அமோகப் பொருத்தம். இனி அவன் அம்மா என்ன சொல்லித் தடுப்பார்? நான் கடைசி நேரத்தில் அந்த 'சரி'யை விழுங்கியதற்குப் பாதிக் காரணம் பிள்ளைகள் என்றால், பாதி இதுதான். அன்றைக்கே அவனைத் தேடினேன். வேலை அதிகம் என்று சொல்லியனுப்பினான். மறுநாளும் வேலை. அந்த வாரம் முழுக்க எங்கள் ஊரில் எல்லோரும் தண்ணீராகவே குடித்தார்கள் போலிருக்கிறது.

நாலாவது வளையத்தை நெருக்கத் தொடங்கும் நாள் வந்தது. நல்ல நேரம் பார்க்கக் கிரகம் இல்லாததால் எந்த நேரமானாலும் நல்ல நேரம்தான் என்று குற்றாலலிங்கம் கூறிவிட்டார். கட்டுப்பாட்டுப் பொத்தானுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, தலைவி என்ற முறையில் உலகம்மாள் அழுத்தினார். திரட்டிகள் ஓடின. கைதட்டிவிட்டு எல்லோரும் சுண்டலுக்குப் போனார்கள். அவர் மட்டும் போகவில்லை.

"இப்ப என்னம்மா சொல்லுதீங்க?" என்று நானே தொடங்கினேன். ஆறு வருட ஆத்திரம் குரலில் இருந்தது. "பொருத்தம் இல்லைன்னு இனிமே சொல்ல முடியாதுல்லா?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோமுவும் கொஞ்சம் கறுப்பு" என்றார். "ஒரு காலை லேசாச் சாய்ச்சு நடப்பா. வந்தவன் ஒருத்தன்கூட அதைச் சொல்லலட்டி. எல்லாவனும் செவ்வாவைத்தான் சொன்னான். நாங்களும் செவ்வாக்கெழமை செவ்வாக்கெழமை கோயில் கோயிலாக் கூட்டிட்டுப் போனோம். அவ செவ்வாவையே திட்டிக்கிட்டு இருந்தா. அன்னைக்கு சிதம்பரதாணு சொல்லுதான், எல்லாரும் சிரிக்கான். நான் செவ்வாவை இல்லாம ஆக்கிப்புட்டா எல்லாம் சரியாப் போவும்னு இத்தனை தூரம் கெளம்பி வந்திருக்கேன் பாரு."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஒனக்கும் அதையேதான் பண்ணியிருக்கேன். ஆறு வருசத்துக்கு முன்னால மாசி என்கிட்ட வந்து, 'அம்மா, இசக்கி கேக்கா, என்ன சொல்லன்னு தெரியல. நீங்க ஜாதகம்னு சொல்லிருங்க'ன்னான். நானும் சொன்னேன். எனக்கும் அப்ப ஒன்னை ஒண்ணும் பெரிசாப் பிடிக்கல, அது வேற. ஆனா வேண்டாம்னு சொன்னது நான் இல்ல."

"அப்ப நான் சரின்னு சொன்னா முடிச்சு வைக்கேன்னீங்களே?"

"கட்டுடான்னா கட்டிருவான். அவன் எதையும் வேண்டாம்னு சொல்ல மாட்டான்லா."

ஒரு உலகத்தையே விற்று நான் வாங்கப் பார்த்த கல்யாணம் அது. முதலில் அவமானம் வந்தது, பிறகு கோபம், அதற்குப் பிறகு அழுகை. உலகம்மாள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே. அழுது முடிந்தபோது எனக்கு அவன் வேண்டாம் என்பது நிச்சயமாகிவிட்டது. ஆனால் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை எனக்கு வேண்டியிருந்தது. ஆறு வருடமாக நான் வானத்தைத் திட்டியிருக்கிறேன்.

"வாங்கம்மா, போவோம்" என்றேன்.

நீர்ப் பிரிவில் மாசிலாமணி ஒரு தொட்டியின் மேல் குனிந்து நின்றான். உலகம்மாள் எனக்குப் பின்னால், தூண் மறைவில் நின்றுகொண்டார்.

"மாசி, ஜோசியரே பொருத்தம்னுட்டாரு. கல்யாணம் வச்சுக்கிடுவோமா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல இசக்கி." அவன் முகத்தில் உண்மையான வருத்தம். அதுதான் தாங்க முடியவில்லை. "அம்மாவுக்குத்தான் இன்னும் மனசு வரமாட்டேங்குது. நான் என்ன செய்ய, சொல்லு."

"எனக்கு மனசு வந்துட்டுலே" என்றார் உலகம்மாள், தூணை விட்டு வெளியே வந்து. "ஒனக்கு?"

அவன் தாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான். பிறகு பழக்கம் விடாமல் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தான்.

"இல்ல... அந்த நாலாவது உருவாயிட்டுதுன்னா..."

"அதுக்கு நாப்பது வருசம் ஆவும்" என்றார் உலகம்மாள். தொட்டியோரத்தில் கிடந்த இரண்டு ஸ்டூலை இழுத்து, ஒன்றை எனக்குப் போட்டு, ஒன்றில் தான் உட்கார்ந்தார். "நாங்க ரெண்டு பேரும் இங்கனயேதான் இருக்கோம். நீ இப்பமே சொல்லு."